பதில்: ‘நேட்டிவ்’, ‘பியூர்’ கருவித்தொகுதிகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பொத்தான், பட்டியல் போன்ற திரைக்கூறுகளை நிரலுக்கு அளிக்கும் மென்பொருள் தொகுப்பைக் கருவித்தொகுதி என்கிறோம். அதன் ‘நேட்டிவ்’, ‘பியூர்’ என்ற இரு வகைகளுக்கும் தமிழில் என்ன பெயரிடுவது என்பதே குழுவில் எழுந்த கேள்வி. பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும் என்பதால், வந்த பரிந்துரைகளைப் பற்றிய என் கருத்தைச் சொல்லி, இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

ஒரே நிரல் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஓடவேண்டுமானால், திரையில் பொத்தானை யார் வரைவது என்ற கேள்வி எழுகிறது. ‘நேட்டிவ்’ வகையைச் சேர்ந்த டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும், எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளுக்காக எழுந்த எஸ்டபிள்யூடியும் பெரும்பாலும் இயங்குதளத்தின் பொத்தானையே கேட்டு வாங்கிச் சாளரத்தில் பதிக்கின்றன. ஜாவா நிரல்மொழியின் ஸ்விங் என்ற கருவித்தொகுதியோ, வெற்றுச் சாளரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, விளிம்பு, நிழல், அழுத்தும்போது உள்வாங்கும் தோற்றம் எல்லாவற்றையும் தானே வரைகிறது. முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்டதால்தான் அதற்கு ‘பியூர்’ என்ற அடைமொழி வந்தது. அதைத் ‘தூய’ என்று பெயர்த்தால், மற்றது கலப்படம் என்று மாணவர் எண்ணிவிடுவார்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களை வகுக்கும் தற்சமம், தற்பவம் என்று ஐயா முன்மொழிந்த இணை என்னை வெகுவாகக் கவர்ந்தது. கமலம் போல உருமாறாமல் வந்தது தற்சமம், பங்கஜம் பங்கயமானது போலத் திரிந்து வந்தது தற்பவம். ஆனால் ஸ்விங்கின் ‘மெட்டல்’ தோற்றம் எந்த இயங்குதளத்திலிருந்தும் திரிந்ததன்று. அது தனக்கென்றே வகுக்கப்பட்டது. ஒப்புமை அங்கே முறிகிறது. அவை வடசொற்கள் என்று சிலர் எழுப்பிய தடையை நான் பொருட்படுத்தவில்லை.

எல்லோருக்கும் எளிதில் விளங்கும் சொல்லை இலக்கணம் இயற்சொல் என்பதைச் சான்றுகாட்டி, ‘நேட்டிவ்’ என்பதற்கு ‘இயல்’ என்றவர்களுக்கு: நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்பான ‘டீஃபால்ட்’ என்பதற்கு ‘இயல்பிருப்பு’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பமே மிஞ்சும்.

என் சொற்கள் வகுப்பில் பிறந்தவை. ஒரு மாணவி பொத்தானில் ‘கொள்கை’ என்று எழுதினார். தானே வரையும் ஒரு சிறு கருவித்தொகுதியில், ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டிய கொம்பும் காலும் அதன் பின்னால் ஒன்றாய் ஒட்டி நின்றன. இயங்குதளத்தின் பொத்தானைக் கேட்டு வாங்கியபோது எழுத்து சரியாக வந்தது, ஏனெனில் தமிழெழுத்தைக் கோக்கும் வேலையை இயங்குதளமே செய்தது. “முதலில் வந்ததை வரைந்தது யார்?” என்று அவர் கேட்ட அந்தக் கேள்வியே வகைப்பாட்டின் உயிர் என்று எனக்குப் பட்டது. ஆகவே, ‘நேட்டிவ்’ என்பதற்குத் தளவரைவுக் கருவித்தொகுதி, ‘பியூர்’ என்பதற்குத் தன்வரைவுக் கருவித்தொகுதி.

வரைவு என்றால் அகப்பாடல்களில் திருமணம், அரசாணையில் முன்படி என்று புலவர் ஐயா சுட்டியது உண்மையே. மணந்துகொள்ளும்படி தலைவனை வற்புறுத்தும் வரைவு கடாதல் பற்றி அவர் எழுதிய நான்கு பத்திகளையும் ஆசையோடு படித்தேன். எனினும் வரைபடம், வரைகலை என்பவற்றில் தீட்டும் பொருளும் உயிரோடிருக்கிறது. வகுப்பில் யாரும் தடுமாறவில்லை. கணினி நேரே இயக்கும் பொறிமொழியாக மாற்றப்பட்ட நிரலையும் ‘நேட்டிவ்’ என்கிறோமே என்றால், அதற்கு இச்சொல் பொருந்தாது. அதற்கு வேறு சொல் தேடவேண்டும்.

நேட்டிவ் என்றே எழுதவேண்டும், வேலைத் தேர்வில் மாணவர் காதில் விழுவது அதுதான் என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் மீண்டும் எழுதியிருக்கிறார். அவர் மறுப்பை நான் தீர்த்துவிடவில்லை. வியாழன் இரவுவரை வேறு சொல் வராவிட்டால், முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘நேட்டிவ்’ என்பதை அடைப்புக்குள் இட்டு, தளவரைவு, தன்வரைவு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்.