ஸ்குவெல்ச்: ‘இரைச்சல் ஒடுக்கி’யா, ‘ஒலிமடை’யா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விசைப்படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலி செட்டுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறோம். ஏரியல், ஃபியூஸ், மைக் எல்லாம் புழக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. முட்டுக்கட்டையாக நிற்பது ஸ்குவெல்ச் ஒன்றுதான். செட்டின் முகப்பில் எஸ்கியூஎல் என்று மூன்றெழுத்துப் போட்டிருக்கும் குமிழ் அது. கையேட்டில் பல படிகள் அதைத் திருப்பச் சொல்பவை. பெயரைப் படித்ததும் அதன் வேலை விளங்க வேண்டும். வரைவில் ‘இரைச்சல் ஒடுக்கி’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

*

ஐயா, வணக்கம்.

அந்தப் பெயர் வேண்டாம். அது செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்கிறது. பழுதுபார்ப்புக் கையேட்டில் அது கெடுதலாகவே முடியும்.

யாரும் பேசாதபோது இந்தச் செட்டைப் போன்ற பண்பலை (எஃப்எம்) வாங்கியில் ‘உஸ்’ என்று பேரிரைச்சல் வரும். ஓர் அலை வந்து சேர்ந்ததும் அந்த இரைச்சல் தானாகவே அடங்கும். ஸ்குவெல்ச் சுற்று இதைத்தான் கவனிக்கிறது. பேச்சுக்குரல் எட்டாத உயர் அதிர்வெண்ணில் இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மிகுந்திருந்தால் ஒலிபெருக்கிக்குப் போகும் வழியை மொத்தமாக அடைத்துவிடும். குறைந்தால் திறந்துவிடும். இரைச்சலில் ஒரு துளியைக்கூட அது குறைப்பதில்லை. தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல், வழி திறந்தபின் தன் இரைச்சலோடு சேர்ந்தேதான் கேட்கும்.

‘ஒடுக்கி’ என்று படித்தவர் என்ன செய்வார்? இரைச்சல் ஒடுங்கினால் நல்லதுதானே என்று குமிழை வலக்கோடி வரை திருகி வைப்பார். பக்கத்துப் படகு கேட்கும். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் உதவி கேட்பவர் குரல் கேட்காது. செட் வாங்கவில்லை, அதாவது பிறர் பேச்சு கேட்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுவரப்படுபவற்றில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செட்டைக் கழற்றவே தேவையில்லாத பழுது.

என் பரிந்துரை ‘ஒலிமடை’. மடை என்றால் திறக்கலாம், அடைக்கலாம், எந்த மட்டத்தில் திறக்க வேண்டும் என்றும் வைக்கலாம். அந்த மட்டத்தை ‘மடைமட்டம்’ என்போம். குமிழை இடக்கோடிக்குத் திருப்பினால் இரைச்சல் மடை திறந்ததுபோலக் கொட்டுவதைக் கேட்டவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சொல் படிகளுக்குள் உட்காருகிறதா என்று எழுதிப் பாருங்கள்: “ஒலிமடையை முழுக்கத் திற. ‘உஸ்’ கொட்டினால் ஒலிபெருக்கியும் ஒலிச்சுற்றும் நலம். கொட்டாவிட்டால் வால்யூம், வெளி ஒலிபெருக்கியின் செருகி, அதன் கம்பி ஆகியவற்றைப் பார். ‘உஸ்’ கொட்டியும் அருகிலுள்ள படகின் பேச்சுக்கூட வரவில்லையென்றால் சேனல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏரியல் பக்கம் போ.”

*

வணக்கம்.

ஒலிமடைக்கு என் ஆதரவு. இரண்டு ஐயங்கள் மட்டும்.

ஒன்று, அடைபடுவது இரைச்சல்தானே, ‘இரைச்சல் மடை’ என்றால் என்ன? இன்னொன்று, மடை வயற்காட்டுச் சொல். படகில் இருப்பவர் ஏற்பாரா? ‘ஒலிக்கதவு’ பொதுவாக இருக்கும் அல்லவா?

‘இரைச்சல் தடுப்பி’ என்ற பெயரை வேறொன்றுக்கு ஒதுக்கி வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஆல்டர்னேட்டரிலிருந்தும் எல்இடி விளக்குகளிலிருந்தும் வரும் இரைச்சலை மட்டுப்படுத்தக் கம்பியில் மாட்டும் ஃபெரைட் வளையம் இருக்கிறதே, உண்மையில் இரைச்சலைத் தடுப்பது அதுதான்.

*

இரண்டுக்கும் பதில்.

மடை அடைந்திருக்கும்போது நிற்பது இரைச்சல் மட்டுமல்ல, மெலிந்த குரலும்தான். ‘இரைச்சல் மடை’ என்றால் குரல் எப்படியும் வந்துவிடும் என்ற பழைய மயக்கம் திரும்பும். ஆகவே ஒலிமடை. கதவுக்கு மட்டம் கிடையாது. ‘கதவுமட்டம்’ என்றால் பொருள்படாது. ‘மடைமட்டம்’ தானாகவே விளங்குகிறது. கரையோரத்திலும் உப்பளப் பாத்திக்கு நீர் விடுகிறவர்களுக்கு மடை புதிய சொல் அல்ல.

மடைமட்டம் என்ற சொல் எதற்கு அவசியம் என்பதற்கு நீங்கள் சொன்ன எல்இடி விளக்கே சான்று. விஎச்எஃப் வரவேற்பை எல்இடி விளக்குகள் கெடுக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், இந்தக் குமிழ் போதும். நம் சொல்லில் எழுதினால்: “எல்இடி விளக்குகளை அணை. பேச்சில்லாத சேனல் ஒன்றில் வை. இரைச்சல் வரும்வரை ஒலிமடையைத் திற. பிறகு இரைச்சல் சட்டென்று நிற்கும் இடம்வரை மட்டும் மெல்லத் திருப்பி நிறுத்து. இப்போது விளக்கைப் போடு. மடை திறந்து இரைச்சல் கொட்டினால் விளக்குதான் குற்றவாளி.” ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தால் எது என்பதும் தெரிந்துவிடும். ‘ஒடுக்கி’யை வைத்து இந்தப் பத்தியை எழுத முடியாது.

கையேட்டில் ஓர் எல்லையையும் போட்டுவிடுங்கள். ஒலிமடை வாங்கும் பக்கத்துக்கு மட்டுமே. ‘நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது எட்டவில்லை’ என்றால் குமிழைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியர் அளவு, 25 வாட்டில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர். ஆகவே மைக் பொத்தானை அழுத்தியபடி செட்டின் பின்புற முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். 11க்குக் கீழே சரிந்தால் கம்பி மெல்லியது, அல்லது ஃபியூஸ் கூட்டில் களிம்பு, அல்லது பேட்டரி சோர்வு. மின்னழுத்தம் சரியென்றால் ஏரியல் கம்பியின் செருகியைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பும், நடுக்கம்பியைச் சுற்றியுள்ள செம்புப் பின்னல் கறுத்திருப்பதும் தெரிந்தால் உப்புநீர் உள்ளே போய்விட்டது. செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிப் புதுச் செருகி போட வேண்டும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மீட்டர் சுழி ஓம் காட்டினால் உடனே ஏரியலைத் தூக்கி எறிய வேண்டாம். சில ஏரியல்களின் அமைப்பே அப்படி. அனுப்பும் திறன் ஏரியலிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் நிலையலை விகித (எஸ்டபிள்யூஆர்) மீட்டர்தான் தீர்ப்புச் சொல்லும். 1.5க்குள் இருந்தால் நன்று. 3 என்றால் அனுப்பும் திறனில் கால்பங்கு திரும்பி வருகிறது. இந்தச் சோதனையை 16ஆம் சேனலில் செய்யக் கூடாது.

*

நன்றி. ஒலிமடை, மடைமட்டம் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். ‘இரைச்சல் தடுப்பி’ ஃபெரைட் வளையத்துக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் ‘எஸ்கியூஎல் குமிழ், அதாவது ஒலிமடை’ என்று எழுதி, பிறகு ஒலிமடை என்றே தொடர்கிறேன். ‘வாங்கவில்லை’ பக்கத்தின் முதல் படி இப்படி வருகிறது: “எதையும் கழற்றுமுன் ஒலிமடையை முழுக்கத் திற.”