குவைத் புழுதிக் காற்றும் அப்பாவின் இதயமும்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம், நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பாவுக்கு 61 வயது, போன வருடம்தான் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். தங்கச்சிக்குக் குவைத்தில் ஜூன் மாதம் பிரசவம், துணைக்கு அம்மாவும் அப்பாவும் போகிறார்கள், ஆனால் அங்கே அது ஷமால் என்ற புழுதி கிளப்பும் வடமேற்குக் காற்று வீசும் காலம். 2022 மே மாதம் புழுதிப் புயலில் குவைத் விமான நிலையமே தற்காலிகமாக நின்றுபோனது.

நேற்று வீடியோ காலில் தங்கச்சி பால்கனியைக் காட்டினாள், துவைத்துப் போட்ட வெள்ளைத் துண்டு கடலை மாவில் புரட்டியது மாதிரி இருந்தது. இங்கே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசிக்கே அப்பாவுக்கு மூச்சு வாங்கும்.

பெரிய துகள் மூக்கோடு தொண்டையோடு நின்றுவிடும், 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்னது நுரையீரலின் அடிவரை போய், ரத்தக் குழாயில் அழற்சி, பிரஷர், ரத்தம் உறைவது எல்லாவற்றையும் கூட்டலாம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அங்கே இதய நோயாளியை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புழுதி நாளில் என்ன செய்தீர்கள்? ஏசி மட்டும் போதுமா, ஏர் பியூரிஃபையரும் வாங்க வேண்டுமா? என்95 மாஸ்க் போட்டால் அவருக்கு மூச்சு முட்டாதா? அப்புறம், 2 மாத மாத்திரையை எடுத்துப்போக என்னென்ன சீட்டு வேண்டும்? திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடம் கேட்க வேண்டியது எதுவானாலும் அதற்குள் சொல்லுங்கள். அப்பா இப்போதே பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.