ஆய்வுகளை எடைபோட்டுப் படிக்க மாணவர்களை எப்படிப் பழக்குவது?

வணக்கம். பி.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் எடுக்கிறேன். ஒரு ஆய்வைப் படித்ததும் அப்படியே குறிப்பில் எழுதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டுப் படிக்க எப்படிப் பழக்குவது?

போன வாரம் மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதில் ஒரு குழந்தை கையில் உள்ள மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று உளவியலாளர் வால்டர் மிஷல் குழுவினர் 1990இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளிக் குழந்தைகளை மட்டும்தான். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறைய பாதிதான் இருந்தது. குடும்பச் சூழலையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அதிலும் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் முதல் ஆய்வு பொய்யா சார்?" என்று கேட்டார்கள். சிலர் உளவியலையே நம்ப முடியாது என்றார்கள். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. யாரை வைத்துப் பார்த்தார்கள், வேறு காரணம் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். நாளை இவர்கள் ஆசிரியர்கள். பசியோடு வரும் பிள்ளையைப் 'பொறுமை இல்லாதவன்' என்று முத்திரை குத்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

புள்ளியியல் தெரியாத தமிழ்வழி மாணவர்களுக்கு, ஒரே வகுப்பில் முடிகிற பயிற்சி ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், இந்தத் திறனைத் தேர்வில் எப்படிக் கேட்பது? நீங்கள் கேட்ட வினா ஒன்றிரண்டை இங்கே பகிர்ந்தால் பெரிய உதவி.