கைட் பக்கியைக் கழற்றி விமானத்தில் கொண்டுபோவது எப்படி? (நியூஜெர்சி – லாஸ் வேகஸ்)

கடற்கரைக்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் அட்லாண்டிக் கரையிலேயே பக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். வரும் வசந்தத்தில் லாஸ் வேகஸ் பக்கத்திலுள்ள ஐவன்பா வறண்ட ஏரிக்குப் போகலாம் என்று ஆசை. காரில் போனால் போக நாலு நாள், வர நாலு நாள் ஆகும், அவ்வளவு லீவு கிடையாது. அதனால் நுவர்க்கிலிருந்து லாஸ் வேகஸுக்கு விமானம்தான்.

என்னுடையது சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கி. பின் ஆக்சில், இரண்டு பக்கக் கம்பிகள், முன் ஃபோர்க், சீட் என்று எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். நீளமான துண்டு பின் ஆக்சில்தான், 106 செ.மீ. வீல்களோடு சேர்த்து மொத்தம் 28 கிலோ. வீல் இரண்டு செட் இருக்கிறது: தள்ளுவண்டி டயர் அளவான 4.80/4.00-8, அப்புறம் பிக்ஃபுட் எனப்படும் 21x12-8 பலூன் டயர்.

டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 158 செ.மீ என்று போட்டிருக்கிறது. நல்ல கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாமா? டயரில் காற்றை இறக்க வேண்டுமா? பட்டங்களை எங்கே வைப்பது? கவுண்டரில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

சும்மாவந்தவன்:
மன்னிக்கவும், பக்கி என்றால் குதிரை வண்டியா? பட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பாலைப்பட்டம்:
குதிரைக்குப் பதில் பட்டம் இழுக்கும் மூன்று சக்கர வண்டி, ஐயா. தரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, முன் சக்கரத்தைக் காலால் திருப்பி, கையில் பெரிய பட்டத்தைப் பிடித்து ஓட்டுவது. இன்றைய வடிவத்தை 1990 வாக்கில் பரப்பியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின். கடற்கரை, வறண்ட ஏரி என்று தடையில்லாத சமதரை இருந்தால் போதும். இன்ஜின் கிடையாது, பிரேக்கும் பெரும்பாலும் கிடையாது.

கடற்கரைக்காற்று, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் விஷயம், அந்தக் கெட்டிப் பெட்டியை வாங்காதீர்கள். அந்த அளவு பெட்டி வெறுமனே 8, 9 கிலோ இருக்கும். ஒரே பெட்டியில் போட்டால் 37 கிலோ ஆகிவிடும். 32 கிலோவுக்கு மேல் இருந்தால் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் சாதாரணப் பெட்டியாக எடுக்கவே மாட்டார்கள், இங்கே எடுத்தாலும் கட்டணம் இன்னும் எகிறும். 23-க்கும் 32-க்கும் இடையில் இருந்தாலும் அதிக எடைக் கட்டணம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டணம் இரண்டாவது பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம். ஆகவே எடை குறைந்த இரண்டு பைகள்தான் சரி. ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய டஃபல் பை நன்றாக உழைக்கும், விலையும் அதிகமில்லை. முன்பு இரண்டு பெட்டி இலவசம் என்று சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தைத் தேடிப் போவோம். 2025 மே கடைசியிலிருந்து அதுவும் போய்விட்டது.

அளவைத் தீர்மானிப்பது உங்கள் ஆக்சில். 106 என்றால் பையின் நீளம் 110 என்று வையுங்கள். 158-இல் மிச்சம் 48. அகலம் 28, உயரம் 18 வைத்தால் மொத்தம் 156. இதில் ஆக்சில், பக்கக் கம்பிகள் இரண்டு, இவை மட்டும். பக்கக் கம்பிகளை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி அடுக்கினால் வளைவுகள் பொருந்தி உட்காரும். ஃபோர்க்கை இதில் திணிக்கப் பார்க்காதீர்கள், உயரம் ஏறிவிடும். ஃபோர்க்கிலிருந்து கால் வைக்கும் கம்பிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் வீல்கள் போகும் இரண்டாவது பையில் போடுங்கள்.

பிக்ஃபுட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கணக்குப் பாருங்கள்: ஒரு வீலின் விட்டம் 53 செ.மீ, அகலம் 30. 53, 53, 30 கூட்டினால் 136, ஒரு வீலுக்கு மட்டுமே ஒரு பெட்டி ஆயிற்று. தவிர ஐவன்பாவில் அது தேவையே இல்லை. பலூன் டயர் பொலபொலவென்ற மணலுக்குத்தான். அங்கே இருப்பது காய்ந்து வெடித்த களிமண் தரை, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். 2009 மார்ச்சில் கிரீன்பேர்ட் என்ற, காற்றால் ஓடும் வண்டி மணிக்கு 202.9 கி.மீ. ஓடி உலக சாதனை படைத்தது அந்தத் தரையில்தான். ஒல்லி டயர்தான் அங்கே ராஜா.

நட்டுபோல்ட்:
டயர் பற்றி நான் சொல்கிறேன்.

விமானத்தில் டயர் வெடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சாமான் அறையும் பயணிகள் அறை போலவே காற்றழுத்தம் கொடுக்கப்பட்ட இடம்தான். மிஞ்சிப் போனால் 8000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் இறங்கும். தரையில் 14.7 பிஎஸ்ஐ, அங்கே சுமார் 10.9. அதாவது 20 பிஎஸ்ஐ அடித்த டயர் 24 மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆனால் கவுண்டரில் நின்று இந்த இயற்பியலை நடத்த முடியாது. காற்றை இறக்கிவிட்டுப் போங்கள், கேட்டால் "இறக்கியாச்சு" என்று சொல்லலாம். முழுவதும் இறக்காமல் கொஞ்சம் விட்டால் டயர் ரிம்மை விட்டு நழுவாது, ரிம் விளிம்பும் அடிபடாது.

4.80/4.00-8 வீலில் டயரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. விட்டம் 40 சொச்சம், மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் 158-க்குள் தாராளமாக வரும். கழற்றித்தான் ஆவேன் என்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் ரிம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்த வகையா? அப்படியானால் வால்வு ஊசியையே வெளியே எடுத்து, காற்று முழுவதும் போனபிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். காற்றோடு கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். இதில் விளையாட்டே வேண்டாம்.

கார்பன் டையாக்சைடு குப்பி, துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டையும் கொண்டுபோகாதீர்கள். எரியக்கூடிய ஸ்ப்ரே கைப்பையிலும் கூடாது, சாமானிலும் கூடாது. கைப்பம்பு போதும். பேட்டரிப் பம்பு இருந்தால் அது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி, கையோடு கேபினுக்கு எடுத்துப்போவதே நல்லது; தனியாகக் கழற்றிய பேட்டரி சாமானில் கூடவே கூடாது.

தூத்துக்குடியான்:
இவ்வளவு பாடு எதற்கு? கூரியரில் ஹோட்டலுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டு நீங்கள் கைவீசிக்கொண்டு போகலாமே?

பாலைப்பட்டம்:
செய்யலாம் அண்ணா. ஆனால் கூரியர்காரர்கள் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் கன அளவை வைத்து ஓர் எடை போட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். வீல் என்பது பாதிக்குப் பாதி காற்று, அதற்கும் காசு. போதாக்குறைக்கு வேகஸ் ஹோட்டல்கள் பார்சல் வாங்கி வைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்கும், திரும்பி அனுப்பும்போது மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மாதம் தங்குகிறவர்களுக்குச் சரி, நாலு நாள் பயணத்துக்கு என் கணக்கில் கட்டுப்படியாகாது.

கடற்கரைக்காற்று:
மிகவும் நன்றி. ஹாக்கி பை இரண்டு வாங்கிவிட்டேன், பிக்ஃபுட் கேரேஜிலேயே இருக்கும். ஆனால் இப்போது வேறு இரண்டு சிக்கல்.

ஒன்று, பின் ஆக்சிலின் இடது பக்க நட் கழல மறுக்கிறது. பாதி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. துரு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு, வீல் பை 24.6 கிலோ காட்டுகிறது. வீல்கள், ஃபோர்க், சீட், பம்பு, ஸ்பேனர்கள், ஹெல்மெட், ஹார்னஸ் (பட்டத்தின் இழுப்பைத் தாங்க உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை), பட்டத்தைத் தரையில் கட்டும் ஆணி எல்லாம் அதில்தான். ஆக்சில் பை 17 தான் வருகிறது.

நட்டுபோல்ட்:
முதல் சிக்கல் துரு இல்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போட்டால் வரும் வியாதி இது. மரையும் மரையும் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேகமாகச் சுழற்றினால் இன்னும் மோசமாகும், அதனால் நட் கழற்றும் இம்பாக்ட் துப்பாக்கியை எடுக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் நீளமான ஸ்பேனர் போட்டு, கால் சுற்று இறுக்கு, கால் சுற்று தளர்த்து என்று மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அறுத்து எறிந்துவிட்டுப் புது போல்ட் போடுங்கள். போல்ட் மலிவு, ஆக்சில் மலிவில்லை.

புதிதாகப் போடும்போது எல்லா மரைகளிலும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவிவிடுங்கள். இதை வீட்டிலேயே முடித்துவிட்டால் பசை டியூபைக் கொண்டுபோக வேண்டியதில்லை. நைலான் வளையம் உள்ள நட்டுகள் நாலைந்து முறை கழற்றினால் பிடி விட்டுப்போகும். புதியவை ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகளைத் தனிப் பையில் போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்தச் சின்னப் பை சோதனையில் எங்கேயாவது விழுந்தால் பாலைவனத்தில் பக்கி வெறும் கம்பிக் கட்டுதான். கழற்றியதும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் சொந்தத் துளையிலேயே போட்டு நட்டைக் கையால் திருகிவிடுங்கள். பேரிங் இடைக்குழாயை வீலோடு சேர்த்துக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

பாலைப்பட்டம்:
எடை எளிது. ஸ்பேனர், ஆணி, பம்பு மூன்றையும் ஆக்சில் பையின் நடுவில் வையுங்கள். ஆணியைக் கேபினுக்குக் கொண்டுபோக முடியாது, அது சாமானில்தான். ஹார்னஸ் கொக்கியும் எஃகு என்றால் சாமானிலேயே இருக்கட்டும். ஹெல்மெட்டை முதுகுப்பையில் மாட்டி எடுத்துப் போங்கள். இரண்டு பையும் 22-க்குள் இருந்தால் நல்லது, விமான நிலையத் தராசும் வீட்டுத் தராசும் ஒரே பேச்சு பேசுவதில்லை.

பட்டங்கள் கட்டாயம் கைப்பையில். பக்கி வராமல் போனால் நண்பர்களிடம் ஒன்று இரவல் வாங்கலாம், பழகிய பட்டம் அப்படிக் கிடைக்காது. இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பட்டத்தைக் கம்பிகளுக்கு நடுவே மெத்தையாகச் சுருட்டி வைக்கும் யோசனை வரும். வேண்டாம். கிரீஸ் கறையும் வெல்டிங் முனையும் சேர்ந்தால் துணி அவ்வளவுதான். மெத்தைக்குப் பழைய போர்வை, ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு ஃபோம். குழாய் முனைகளில் டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டினால் பை கிழியாது.

குழாய்க்குள் கருவிகளைச் சொருகி ஒளிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் உலோகக் குழாய்க்குள் இன்னோர் உலோகம் தெரிந்தால் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள். எப்படியும் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை நடத்தும் டிஎஸ்ஏ உங்கள் பையைத் திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் டேப் சுற்றாமல் வார் போட்டுக் கட்டி, முழுதாக இணைத்த பக்கியின் போட்டோ ஒன்றும், உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்ற போட்டோ ஒன்றும் மேலாக வையுங்கள். திறந்தவர் அதைப் பார்த்துத் திரும்ப அடுக்குவார், பெரும்பாலும்.

கவுண்டரில் "கார்ட்", "வண்டி" என்ற வார்த்தையே வேண்டாம். உடனே இன்ஜின் எங்கே, பெட்ரோல் இருந்ததா என்று விசாரணை ஆரம்பமாகும். பட்ட விளையாட்டுச் சாமான், மோட்டார் கிடையாது என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்.

பெர்த்வாசி:
உள்நாட்டுப் பயணம் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் வெளிநாடு போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வருகிறீர்கள் என்றால் டயரில் ஒரு துளி மண் இருக்கக் கூடாது. நுழைவுப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். டயரின் பள்ளங்கள், ஃபோர்க்கின் மூலை, சீட்டின் தையல் இடுக்கு எல்லாம் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவைத்து, சுத்தம் செய்யும் செலவும் உங்கள் தலையில்.

கடற்கரைக்காற்று:
நட் கழன்றுவிட்டது! எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப் போட்டதும் வழிக்கு வந்தது. மரை கொஞ்சம் அரைபட்டிருக்கிறது, புது போல்ட் ஆர்டர் போட்டிருக்கிறேன். பைகள் இப்போது 21.3-உம் 20.8-உம்.

கடைசியாக ஒரு கேள்வி. அங்கே ஒரு டயர் போய்விட்டால் என்ன செய்வது? உபரி வீல் ஒன்று எடுத்தால் மறுபடியும் எடை ஏறும்.

நட்டுபோல்ட்:
உபரி ட்யூப் ஒன்று மட்டும் எடுங்கள், பை மூலையில் அடங்கிவிடும். டயர் தேவைப்பட்டால் வேகஸில் எந்தப் பெரிய ஹார்டுவேர் கடையிலும் தள்ளுவண்டிப் பிரிவில் 4.80/4.00-8 கிடைக்கும். டயரும் ட்யூபும் மட்டும் வாங்குங்கள். முழு வீலாக வாங்கினால் நடுத்துளை பொருந்தாது. அங்கே 5/8 அல்லது 3/4 இன்ச் இருக்கும், பக்கி ஆக்சில் பெரும்பாலும் 20 மி.மீ. உள்ளே ஃபோம் நிரப்பிய, பங்ச்சர் ஆகாத டயரையும் தவிர்த்துவிடுங்கள், கல் மாதிரி கனக்கும்.

பாலைப்பட்டம்:
இன்னொன்று. ஐவன்பா ஏரிப் படுகைக்குள் தனியார் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, வாடகைக் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அங்கேயே பக்கியை இணைக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு பையும் படுக்கிற மாதிரி பின் சீட் மடங்கும் காராகப் பார்த்து எடுங்கள். கீழே விரிக்க ஒரு தார்ப்பாய் அவசியம். அந்த மாவுத் தூசி பேரிங்குக்குள் போனால் கரகரவென்று ஆகிவிடும். அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.