பொருள்: ‘கற்றல் சமூகம்’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

புதுவை நண்பருக்குக் கடலூரிலிருந்து வணக்கம்.

பெரிய பள்ளியைச் சிறு பிரிவுகளாக்கும் அமெரிக்க ஏற்பாடான ‘ஸ்மாலர் லேர்னிங் கம்யூனிட்டி’க்கு உங்கள் மொழிபெயர்ப்பில் ‘சிறு கற்றல் சமூகம்’ என்றிருக்கிறது. அகராதிப்படி பிழையில்லை. ஆனால் எங்கள் பக்கம் பள்ளி அலுவலகத்தில் ‘என்ன சமூகம்?’ என்று கேட்டால் பையன் சாதியைத்தான் சொல்வான். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்பதே சாதிச் சான்றிதழ்தானே! ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களைச் ‘சமூகங்களாகப் பிரிக்கிறோம்’ என்று சுற்றறிக்கை போனால், மறுநாள் காலை பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பார்கள். சாதியைக் காட்டும் கைக்கயிறு பள்ளியில் கூடாது என்று முன்னாள் நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்த மாநிலம் இது. ‘வகுப்பு’ என்று மாற்றினாலும் தப்ப வழியில்லை. வகுப்புவாரி அங்கேயும் காத்திருக்கிறது.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில்தான் உயர்நிலைப் பள்ளி தொடங்குகிறது. பல நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்து ஒரே பெரிய கட்டடத்தில் விழுகிற பிள்ளைகள் அங்கே பெயரற்றுப் போகிறார்கள். அந்த முதல் ஆண்டில் தேறாதவர்கள் பிறகு படிப்பையே விட்டுவிடுவது அதிகம். ஆயிரம் பேரும் அதற்கு மேலும் படிக்கும் பள்ளிகள் தம்மைச் சிறு பிரிவுகளாக்கிக்கொள்ள 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு நடுவண் அரசு நிதி கொடுத்தது. ஒரு பிரிவில் நூறு, நூற்றைம்பது பேர். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு எடுக்க அவர்களுக்கென்றே நான்கு ஆசிரியர்கள். அந்த நால்வரும் கூடிப் பேசக் கால அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குவார்கள். மாணவி ஒருத்தி மூன்று நாள் வரவில்லையென்றால் நால்வருக்கும் தெரியும். ஏற்பாட்டின் உயிர் இதில் இருக்கிறது. ‘சிறு’ என்ற அடைமொழியில் இல்லை.

குழுமம் என்றால் கம்பெனி வாடை. ‘இல்லம்’ விளையாட்டு விழாவுக்குப் போய்விட்டது. பயில்குழாம் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் சுண்ணாம்பாற்றில் படகுக் குழாம் இருக்கும்வரை நம் பிள்ளைகள் துடுப்பைத் தேடுவார்கள்.

நான் சொல்வது: பயில்முற்றம். பெரிய வீட்டின் நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். எந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் பிள்ளை கண்ணில் படும். இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: மன்றமும் இடமாக இருந்த சொல்தான்.

மறுமொழி, பாகூரிலிருந்து இன்னொருவர்:

ஐயா, சமூகம் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல் தள்ளுவதற்கில்லை. ஆனால் முற்றம்? என் பாட்டியைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திய வீடுகளிலும் முற்றம் இருந்தது. உள்ளே அது எப்படி இருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. முன்வாசல் வழியாக அனுப்பிய சாதியைப் பின்வாசல் வழியாக அழைக்கிறோமோ?

நன்னூல் கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆசிரியரிடம் கேட்டால் கல்வியில் கால் பங்கு. ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதிப் பாதி. அந்த இரண்டாம் காலைப் பிடித்து ‘உடன்பயில் குழு’ என்றால் போதாதா? அழகு குறைவுதான்.

மறுமொழி, கடலூரிலிருந்து:

அம்மா, முற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான் அதை உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன்.

உடன்பயில் குழுவில் அந்த நான்கு ஆசிரியர்கள் தெரியவில்லை என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. அதை விளக்கத்தில் எழுதிவிடலாம். புதுவை நண்பர் இப்போதைக்கு இதையே சொற்பட்டியலில் ஏற்றட்டும். முதல் வரைவிலிருந்த ‘சமூகம்’ பதினோரு இடங்களில் வருகிறது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.