கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கான பாடசாலைப் பொருட்கள்: உங்கள் உதவி தேவை

அன்பான உறவுகளுக்கு வணக்கம். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களை விட்டு வன்னியில் குடியேறிய எம்மவர் பலர், 2009 இல் முடிந்த போரில் வீடு வாசலை இழந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர்களுள் தாயின் கூலியை மட்டுமே நம்பியிருக்கும் சில குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஹட்டனில் அப்பியாசக் கொப்பிகளும் சப்பாத்துகளும் சேர்த்து வருகிறோம். சப்பாத்தின் அளவைப் பெட்டியின் மேல் எழுதித் தாருங்கள். பழைய உடுப்புகள் வேண்டாம். பொத்தானில்லாத சட்டையைக் கொடுப்பது உதவியாகாது என்பது என் கருத்து.

நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு வடக்கே செல்லும் லொறிக்காரர் எவரையேனும் அறிந்தவர்கள், பெட்டிகளுக்கு இடம் கிடைக்குமா என விசாரித்துச் சொல்லுங்கள். ஒரு தாய்க்குத் தையல் இயந்திரமும் தேவைப்படுகிறது. பழுதானால் அங்கேயே திருத்தலாம் என்பதால், அதைக் கிளிநொச்சியிலேயே வாங்க எண்ணுகிறோம். நம்பகமான கடை தெரிந்தால் அறியத் தாருங்கள்.