புதுப்பிப்பு: செவலைக் குதிரை லத்தி போட்டுவிட்டது

எங்கள் செவலைக் குதிரை தீவனத்தைத் தொடாமல், முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். காய்ந்த தீவனம் குடலில் அடைத்திருந்தது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் என்ற, குடலை வழுக்க வைக்கும் எண்ணெயை ஊற்றினார். மறுநாள் விடியற்காலையில், எண்ணெய் மினுங்க ஒரு கைப்பிடி லத்தி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிலர் வாய் வழியாக எண்ணெய் புகட்டச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம்; நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அப்புறம், தாடைக்கு அடியில் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும், அன்று 60. ஈறு வெளுத்தாலோ, நாடி ஏறிக்கொண்டே போனாலோ காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இப்போது ராத்திரியும் எழுந்து குதிரை தண்ணீர் குடித்திருக்கிறதா, தொட்டியில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.